புண்படக்கூடிய சாட்சி

நீதிமன்றத்தில் எளிதில் அஞ்சவோ காயப்படவோ கூடிய சாட்சியை ஆங்கிலத்தில் ‘வல்னரபிள் விட்னஸ்’ என்பார்கள். அதைப் ‘பலவீனமான சாட்சி’ என்று சிலர் எழுதுகிறார்கள். வேண்டாம். ‘சாட்சி பலவீனமாக இருக்கிறது’ என்றால் தமிழில் வழக்கு தேறாது என்று பொருள். பயந்து நிற்பவரைக் காக்க வந்த சொல், அவர் வாக்குமூலத்தையே சந்தேகப்பட வைத்துவிடும்.

மூலச்சொல்லில் பலவீனம் இல்லை. லத்தீனில் ‘வுல்னுஸ்’ என்றால் புண். புண்படக்கூடியவர் என்பதே நேர்ப்பொருள். உடம்புக்கும் மனசுக்கும் ஒருசேரப் பொருந்தும் ‘புண்படு’ நம்மிடமே இருக்கிறது. ‘பாதிக்கப்படக்கூடிய சாட்சி’ என்பதும் தவறில்லை. ஆனால் அவசரத்தில் அது ‘பாதிக்கப்பட்ட சாட்சி’ ஆகிவிடும். அப்புறம் அது வேறு ஆள்.

‘சாட்சி’ வடசொல், கண்ணைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது, கண்ணால் கண்டவர். பழந்தமிழில் இதற்குக் ‘கரி’ என்று பெயர். ‘இந்திரனே சாலுங் கரி’ என்கிறது குறள். இன்று கரி என்றால் அடுப்புதான் நினைவுக்கு வரும். சரி, சாட்சியே இருக்கட்டும்.

ஒரு தரப்பு அழைத்த சாட்சியை எதிர்த்தரப்பு கேள்வி கேட்டுச் சோதிப்பது குறுக்கு விசாரணை. குடும்ப நீதிமன்றத்தில் சிக்கல் இங்கேதான். வழக்கறிஞர் வைக்காமல் தானே வாதாடுபவர் உண்டு. அப்போது, அடித்ததாகச் சொல்லப்படும் கணவரே எழுந்து மனைவியைக் கேள்வி கேட்பார். வீட்டில் நடந்ததன் தொடர்ச்சியாகவே அது ஆகிவிடலாம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இதற்குத் தடை போட்டது. குறிப்பிட்ட குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவரோ, குற்றம் சாட்டப்பட்டவரோ, பாதிப்புக்கு உள்ளானவரை நேரில் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. வேறு வழி இல்லையென்றால் நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரை நியமிக்கும். அவர் கேள்விகளை மட்டும் கேட்பார். அந்தத் தரப்பு அவருடைய கட்சிக்காரர் ஆகிவிடாது. இதைத் தவிர, இடையில் திரை வைப்பது, காணொளி வழியே சாட்சி சொல்ல விடுவது, கேள்வியைப் புரியவைக்க இடையீட்டாளரை அமர்த்துவது போன்ற ஏற்பாடுகளும் உண்டு.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2022-இல் ‘வல்னரபிள் விட்னஸ்’ என்ற சொல்லின் வரையறையையே விரித்தது. 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு நிறுத்தாமல், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், மாற்றுத்திறனாளிகள், அச்சுறுத்தலில் இருப்பவர்கள் என்று பலரையும் சேர்த்தது.

இங்கிலாந்துச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒன்று: தடை இருபக்கமும் பாயும். பாதிப்புக்கு உள்ளானவரும் எதிராளியை நேரில் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.