டென்வரில் பந்துக்கு ஏன் ஈர அறை?

அமெரிக்காவின் டென்வர் நகரில் பேஸ்பால் பந்தைக் குளிரூட்டிய அறையில் பூட்டி வைக்கிறார்களாமே, ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது குளிருக்காக அல்ல, ஈரத்துக்காக.

டென்வரின் பேஸ்பால் அணியான கொலராடோ ராக்கீஸின் மைதானம் கூர்ஸ் ஃபீல்ட் 1995-இல் திறக்கப்பட்டது. மேல்தட்டில் ஒரு வரிசை இருக்கைகள் மட்டும் ஊதா நிறம். கடல்மட்டத்திலிருந்து சரியாக 5,280 அடி, அதாவது ஒரு மைல் உயரம் அதுதான் என்பதற்கு அடையாளம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. காற்றுத்தடை குறைந்தால் பந்து தூரம் போகும், இது பள்ளிப்பாடம்.

கட்டியவர்களுக்கும் இது தெரியும். அதனால் எல்லைச் சுவரைத் தள்ளிப் போட்டார்கள்: மட்டையாளர் நிற்கும் இடத்திலிருந்து நடுவில் 415 அடி. ஹோம் ரன், அதாவது பந்து எல்லைச் சுவரைத் தாண்டிப் போகும் அடி, குறையும் என்று கணக்கு. ஆனால் மைதானம் அகன்றதும் பந்தைப் பிடிக்க நிற்கும் ஃபீல்டர்களுக்கு இடையே இடைவெளியும் கூடி, பந்து அங்கெல்லாம் விழுந்து ஓட்டங்கள் பெருகின. ஹோம் ரன்னும் அடங்கவில்லை. 1999-இல் மட்டும் அந்த மைதானத்தில் 303.

காற்றை மாற்ற முடியாது, பந்தை மாற்றலாம் என்ற யோசனை மைதானத்தின் பராமரிப்புப் பணியாளர் ஒருவருடையது. வறண்ட காற்றில் தோல் காலணி இறுகிப்போவதிலிருந்து அவருக்கு அது தோன்றியதாம். ஆராய்ச்சி நிதி ஒதுக்குபவர்கள் இப்படிப்பட்டவர்களையும் கொஞ்சம் கேட்கலாம்.

பந்தின் நடுவில் கார்க்கும் ரப்பரும். அதன்மேல் இறுக்கிச் சுற்றிய கம்பளி நூல், வெளியே மாட்டுத்தோல். நூலும் தோலும் ஈரத்தை உறிஞ்சும். மட்டையும் பந்தும் தொட்டிருப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் பந்து நசுங்கி மீள வேண்டும். நூல் இழைகள் ஒன்றோடொன்று உரசும்போதே பெரும்பகுதி ஆற்றல் வெப்பமாகிவிடும். சுவரில் எறிந்தால் வந்த வேகத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் திரும்பும். ஈரம் ஏறினால் அந்த உரசல் இன்னும் கூடும். தெருவில் நனைந்த டென்னிஸ் பந்தை அடித்தவர்களுக்கு இது கைக்கே தெரியும். எடையும் இரண்டொரு கிராம் ஏறும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே வேகத்தில் கிளம்பினால் கனமான பந்தைக் காற்று குறைவாகவே தடுக்கும், எனவே அது சற்றுக் கூடுதலாகத்தான் போகும். ஆனால் மட்டையிலிருந்து கிளம்பும்போதே இழக்கும் வேகம் அந்த லாபத்தை விழுங்கிவிடுகிறது.

2002-இல் 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் ஹியூமிடார் எனப்படும், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அறை அமைத்தார்கள். வெளியில் இருப்பதோ சுமார் 30 சதவீதம். உயர அடிக்கும் பந்து ஏறக்குறைய 13 அடி குறைவாகப் போகும், ஹோம் ரன்னில் நாலில் ஒரு பங்கு குறையும் என்று இயற்பியலாளர்கள் போட்ட கணக்கு ஆட்டப் பதிவுகளோடு நன்றாகவே பொருந்தியது.

தான் மட்டையடிக்கும்போது மட்டும் உலர்ந்த பந்தை ராக்கீஸ் ரகசியமாக நடுவில் நுழைக்கிறது என்ற புகாரும் எழுந்தது. 2010-இல் பந்துகள் அறையிலிருந்து வரும்போது நடுவர்கள் உடனிருக்க உத்தரவானது.

பந்து வீசும் பிட்சரின் குறையை மட்டும் அந்த அறை தீர்க்காது. கர்வ்பால் என்ற சுழல்வீச்சு வளைவது சுழலும் பந்து காற்றை ஒதுக்கித் தள்ளுவதால். ஒதுக்கவே காற்று குறைவு என்றால் வளைவும் குறைவுதான்.

2022 முதல் மேஜர் லீக் என்ற முதல்நிலை பேஸ்பால் தொடரின் 30 மைதானங்களிலும் ஹியூமிடார் கட்டாயம். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் அதே அறை பந்தை உலர்த்தி, துள்ளலைக் கூட்டிவிடுகிறது.