கூப்பிட ஆளில்லாத டிரேஸ்பாயிண்ட்

லினக்ஸின் மையமான கெர்னலுக்கு முதல் பேட்ச் (திருத்தம்) அனுப்ப நினைக்கிறவர்கள் பலர் கை வைக்கும் இடம், யாரும் பயன்படுத்தாத கோட். நீக்குகிறோம், பில்ட் ஆகிறது, அப்புறம் என்ன பயம் என்று தோன்றும். கெர்னல் ஓடும்போது உள்ளே நடப்பதைப் பதிவு செய்யும் டிரேஸிங் பகுதிக்கு அந்தத் தைரியத்தோடு வராதீர்கள். அப்படிப் பதிவு செய்யக் கோடில் ஆங்காங்கே வைக்கும் இடம்தான் டிரேஸ்பாயிண்ட். நான் வந்து பட்டிருக்கிறேன்.

கூப்பிடாத ஸ்டாடிக் ஃபங்ஷன் என்றால் கம்பைலரே எச்சரிக்கும், தூக்கியும் எறிந்துவிடும். டிரேஸ்பாயிண்ட்டை ஓர் ஈவென்ட்டாக வரையறுக்கும் டிரேஸ்_ஈவென்ட் மேக்ரோ அப்படியில்லை. ஹெட்டரில் நாம் எழுதுவது பத்துப் பதினைந்து வரிதான். அது விரியும்போது பதிவு செய்ய ஒரு ஃபங்ஷன், அச்சிட ஒரு ஃபங்ஷன், புலங்களின் விவரம், இவற்றையெல்லாம் கட்டிப்போடும் ஸ்ட்ரக்சர்கள் என்று ஒரு குடும்பமே கிளம்பும். இவை தனி செக்‌ஷன்களில் போய் உட்கார்ந்துகொள்வதால், ஒருவரும் கூப்பிடாவிட்டாலும் கெர்னல் இமேஜில் இருக்கும். ஒரு ஈவென்ட்டுக்கு ஏறக்குறைய 5 கிலோபைட் என்பது டிரேஸிங் பகுதியைப் பராமரிக்கும் ஸ்டீவன் ராஸ்டெட் சொல்லும் கணக்கு. இப்படிப்பட்டவற்றை பில்ட் நேரத்திலேயே காட்டிக்கொடுக்கும் பேட்ச்களை 2025இல் அவர் அனுப்பினார்.

எனக்கு நினைவகத்தைவிட உறுத்துவது வேறொன்று. கூப்பிட ஆளில்லாத ஈவென்ட்டின் பெயரும், ஈவென்ட்களை இயக்க உதவும் டிரேஸ்எஃப்எஸ் கோப்பகத்தில் மற்றவற்றோடு சேர்ந்து தெரியும். நள்ளிரவில் ஒரு கோளாறைத் துரத்துகிறவர் அதை இயக்கிவிட்டுக் காத்திருப்பார். ஒரு வரிகூட வராது. ‘சரி, இங்கே பிரச்சினை இல்லை’ என்று வேறு பக்கம் போய்விடுவார். வேலை செய்யாத கருவியைவிட மோசம், வேலை செய்வதுபோல் நிற்கும் கருவி.

அப்படியென்றால் உடனே நீக்கிவிடலாமே? நானும் அப்படித்தான் செய்தேன். கூப்பிடும் வரியில் ஈவென்ட்டின் பெயருக்கு முன் டிரேஸ்_ என்று வரும். ஒரு டிரைவரில் அந்த முன்னொட்டோடு பெயரை கிரெப் செய்து தேடினேன், ஒன்றும் சிக்கவில்லை. பேட்ச் அனுப்பிய மறுநாளே பில்ட் உடைகிறது என்று பதில் வந்தது. பெயரின் இரண்டு துண்டுகளை ஒட்டித் தரும் மேக்ரோ ஒன்றின் வழியாக அந்த டிரைவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. முழுப்பெயர் எந்தக் கோப்பிலும் எழுத்தாக இல்லை. எதையெல்லாம் பில்ட் செய்வது என்று சொல்லும் என் கான்ஃபிக்கில் அந்த அம்சம் அணைந்திருந்ததால் என்னிடம் பில்ட் அமைதியாக முடிந்திருந்தது. அதிலிருந்து பெயரின் பாதியையும் தேடுகிறேன், முடிந்ததையெல்லாம் மாட்யூலாகச் சேர்க்கும் ஆல்மாட்கான்ஃபிக்கில் ஒருமுறை, வேறொரு ஆர்க்கிடெக்சரில் ஒருமுறை பில்ட் செய்கிறேன். மாட்யூல்களுக்கென்று எக்ஸ்போர்ட் செய்த டிரேஸ்பாயிண்ட் என்றால் மாட்யூல்களையும் பார்க்காமல் தீர்ப்பு சொல்வதில்லை.

கிரெப் இன்றைய நிலையைத்தான் சொல்லும். கடைசியாகக் கூப்பிட்ட வரி எப்போது, எதற்காகப் போனது என்பதை கிட் லாகை -எஸ் (பெரிய S) கொடியோடு ஓட்டினால் பார்க்கலாம். அந்த ஃபங்ஷனே வழக்கொழிந்து போயிருந்தால் ஈவென்ட்டும் போகட்டும். தொடர் பேட்ச்களில் ஈவென்ட்டை வரையறுத்தது மட்டும் உள்ளே வந்து, கூப்பிடும் பேட்ச் வராமலே போன கதையும் உண்டு. ஒருமுறை நான் பார்த்தது இரண்டிலும் சேராது. பெரிய ஃபங்ஷன் ஒன்றை யாரோ இரண்டாகப் பிரித்திருந்தார். பிழை நேர்ந்தால் போகும் பாதை புது ஃபங்ஷனுக்கு இடம் மாறியபோது, அதிலிருந்த ஒரே டிரேஸ் அழைப்பு விட்டுப்போயிருந்தது. கமிட் செய்தியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாற்பது வரியை நீக்கத் தயாராக வைத்திருந்த பேட்ச், ஒரு வரியைச் சேர்க்கும் பேட்சாக மாறியது.

நீக்குவதென்று முடிவானால் வாலையும் பாருங்கள். ஒரே அமைப்புள்ள ஈவென்ட்கள் பகிர்ந்துகொள்ளும் வார்ப்புக்கு ஈவென்ட் கிளாஸ் என்று பெயர். ஒரு கிளாஸை நம்பியிருந்த கடைசி ஈவென்ட் போனால் கிளாஸும் போக வேண்டும். எண்களைப் பெயராக்கும் அட்டவணைகளும் அப்படியே.

கெர்னலுக்கு வெளியே இருப்பவர்களையும் மறக்கக் கூடாது. கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டாக இருந்த பிக் கெர்னல் லாக் 2011இல், 2.6.39 பதிப்போடு ஒழிந்தது. அதன் ஆழத்தைச் சொல்லும் லாக் டெப்த் புலம் எல்லா ஈவென்ட்களின் தலைப்பகுதியிலும் இருந்தது. லாக்கே இல்லை, புலம் எதற்கு என்று எடுத்தார்கள். மின்செலவைக் காட்டும் பவர்டாப் என்ற கருவி உடைந்தது. ஒவ்வொரு புலமும் எங்கே இருக்கிறது என்பதை ஃபார்மட் கோப்பில் படிக்காமல், அது தன் கோடிலேயே எண்ணி வைத்திருந்தது. கடைசியில் அந்த 4 பைட் இடத்தில் வெறும் பேடிங்கை வைத்து நிரப்ப வேண்டியதாயிற்று.