நைட்ராக்ஸில் 1.4 என்பது சுவர் அல்ல

டைவிங்குக்கு உடல்தகுதிச் சான்று கேட்டு என்னிடம் வருபவர்களில் பலர், நைட்ராக்ஸ் (சாதாரணக் காற்றைவிட ஆக்சிஜன் கூடிய, நைட்ரஜன் குறைந்த சுவாசக் கலவை) என்றாலே கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்திருக்கிறார்கள். நைட்ரஜன் குறைவு என்பதால் அதில் பாதி உண்மை. குறைந்த நைட்ரஜனுக்குப் பதிலாக ஏறியிருப்பது ஆக்சிஜன், ஆழம் கூடக் கூட அது மூளைக்கு நஞ்சாகிறது என்பது மீதிப் பாதி.

கணக்கு எளிது. 30 மீட்டரில் மொத்த அழுத்தம் 4 வளிமண்டலம். சிலிண்டரில் 32 சதவீத ஆக்சிஜன் என்றால் அதன் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு, 1.28 வளிமண்டலம். அதே சிலிண்டரோடு மீனைத் துரத்திக்கொண்டு 40 மீட்டருக்குப் போனால் 1.6. பொழுதுபோக்கு டைவிங்கில் 1.4-ஐத் தாண்டக் கூடாது என்கிறோம். நேரமும் முக்கியம். 1.4-ல் 150 நிமிடம் வரை அனுமதிக்கும் அட்டவணை, 1.6-ல் 45 நிமிடம்தான் தருகிறது.

ஆனால் உடம்பு அட்டவணை பார்த்து நடப்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்காக கென்னத் டொனால்ட் செய்த சோதனைகளில், ஒரே ஆளை ஏறக்குறைய 21 மீட்டர் ஆழத்தில் சுத்த ஆக்சிஜனோடு பல நாட்கள் இறக்கிப் பார்த்தார்கள். ஒரு நாள் 7 நிமிடத்திலேயே அறிகுறி, இன்னொரு நாள் 148 நிமிடம் தாங்கினார். அதனால் "போன தடவை இதே ஆழத்துக்குப் போனேன், ஒன்றும் ஆகவில்லையே டாக்டர்" என்று யாராவது சொன்னால் நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நான் அதிகம் பயப்படுவது கார்பன் டை ஆக்சைடைப் பார்த்துத்தான். அது இரத்தத்தில் ஏறினால் மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும், ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் இன்னும் அதிகமாக அங்கே பாயும். நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்படிப்பது, சரியாகப் பராமரிக்காத ரெகுலேட்டரில் (சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்று தரும் கருவி) இழுத்து இழுத்து மூச்சு வாங்குவது, அப்புறம் காற்றை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒவ்வொரு மூச்சையும் அடக்கி வைப்பது, எல்லாம் கொண்டுபோய் விடும் இடம் இதுதான். கடைசியாகச் சொன்ன பழக்கத்தைச் சிலர் திறமை என்றே நினைக்கிறார்கள், அதுதான் வேதனை. குளிரும் ஆபத்தைக் கூட்டும்.

உதடு துடிப்பது, பார்வை குறுகுவது, காதில் இரைச்சல், குமட்டல் என்று அறிகுறிகள் உண்டு. வந்தால் உடனே, நிதானமாக, ஆழத்தைக் குறையுங்கள். பல நேரம் இவை எதுவுமே இல்லாமல் நேராக வலிப்புதான் வரும். உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை அறையில் ஒருவருக்கு இப்படி வந்தால் ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்துவிடுவோம், பெரும்பாலும் அடங்கிவிடும். தண்ணீருக்கடியில் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவிவிடும். ஆளைக் கொல்வது வலிப்பல்ல, மூழ்கல்.

சிலிண்டரில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று நீங்களே அனலைசரில் வைத்துப் பாருங்கள். சதவீதம், அதிகபட்ச ஆழம் இரண்டையும் டேப்பில் எழுதி ஒட்டுங்கள், டைவ் கம்ப்யூட்டர் இன்னும் சாதாரணக் காற்றுக்கான 21 சதவீதத்திலேயே நிற்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு நோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மூக்கடைப்புக்குப் போடும் சூடோஎபெட்ரின் மாத்திரை மீதும் டைவிங் மருத்துவர்களுக்கு நெடுநாள் சந்தேகம் உண்டு, நிரூபணமாகவில்லை. இருந்தாலும் மூக்கு அவ்வளவு அடைத்திருந்தால் காதில் அழுத்தத்தைச் சமன் செய்யவே வராது, அன்றைக்குப் படகிலேயே இருந்துவிடுங்கள்.