கண்காட்சிக்கு வருபவர் எதைப் பார்க்க வருகிறார்?

பொட்டலமிடும் இயந்திரங்களுக்கான வர்த்தகக் கண்காட்சி ஒன்றுக்கு, நான் ஆலோசனை வழங்கும் தொழிற்சாலையின் பராமரிப்புப் பொறியாளருடன் போயிருந்தேன். ஓர் அரங்கில் புதிய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இருபது பேராவது கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். பொறியாளரோ நேராகப் பின்பக்கம் போய், மின்பலகையின் கதவைத் திறந்து காட்டச் சொன்னார். ஒயர்களில் எண்கள் மாட்டப்பட்டிருக்கின்றனவா, பழுதுபார்க்கும்போது கை நுழைய இடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த சென்சார் போய்விட்டால் உங்களிடம்தான் வாங்க வேண்டுமா, வெளியிலும் கிடைக்குமா?" விற்பனையாளர் புன்னகையுடன் ஒரு கேட்லாக்கைக் கொடுத்து, பெயர் முகவரியை வாங்கிக்கொண்டு, முன்பக்கக் கூட்டத்திடம் திரும்பிவிட்டார். அந்தக் கூட்டத்தில் வாங்குவதற்குப் பணம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருந்தவர் எத்தனை பேரோ தெரியாது. விற்பனையாளர் கைகழுவிவிட்டுப் போன எங்கள் பொறியாளரோ அப்படி வந்திருந்தவர்.

இயந்திரக் கொள்முதலில் ஆலோசகராகப் பணிபுரிவதால் இத்தகைய கண்காட்சிகளுக்கு வாங்குபவர் பக்கமிருந்து பலமுறை போயிருக்கிறேன். சில முறை அரங்கு போட்டவர் பக்கத்திலும் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதென்றால், வருபவர்கள் பொருளைப் பார்க்க வருவதாக அரங்கு போடுபவர்கள் நினைக்கிறார்கள். வாங்கும் எண்ணத்துடன் வருபவரோ பெரும்பாலும் பொருளைப் பற்றி ஏற்கெனவே படித்துவிட்டுத்தான் வருகிறார். அவருக்குத் தீர வேண்டியது, அதை விற்பவரை நம்பலாமா என்ற சந்தேகம்.

இது இன்று நேற்று வந்த சந்தேகம் அல்ல. பழைய சந்தைகளில் வணிகர் சரக்கையே வண்டியில் ஏற்றி வந்தார். வாங்குபவர் புரட்டிப் பார்த்து, விலை பேசி, அதே சரக்கை எடுத்துச் சென்றார். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த சந்தையும் அப்படிப்பட்டதுதான். தொழிற்சாலைகள் ஒரே மாதிரியான பொருளை ஆயிரக்கணக்கில் செய்யத் தொடங்கி, ரயிலும் வந்த பிறகு, எல்லாச் சரக்கையும் சந்தைக்குச் சுமந்து வருவது வீண் வேலையாகிவிட்டது. 1895இல் லைப்சிக் சந்தை மாதிரிச் சந்தையாக மாறியது. சாம்பிளை மட்டும் காட்டி ஆர்டர் எடுக்கும் முறை அங்கே நிலைபெற்றது. இன்றைய வர்த்தகக் கண்காட்சியின் நேரடி முன்னோடி அதுவே. அந்த மாற்றத்தோடு வாங்குபவரின் கவலையும் மாறியது. கண்ணெதிரே இருக்கும் சாம்பிள் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று மாதம் கழித்து வந்து இறங்கப்போவதும் இதே தரத்தில் இருக்குமா? இதற்குச் சாம்பிளில் பதில் இல்லை, அதைக் கொடுப்பவரிடம்தான் இருக்கிறது.

இணையம் வந்த பிறகு கண்காட்சிகள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கான சோதனையும் ஒருமுறை நடந்துவிட்டது. உலகின் பெரிய தொழில்துறைக் கண்காட்சிகளுள் ஒன்றான ஹனோவர் கண்காட்சி 2020இல் பெருந்தொற்றால் நடக்கவில்லை. 2021இல் முழுக்க இணையவழியில் நடந்தது. 2022இல் மீண்டும் அரங்குகளுக்கே திரும்பியது. திரையில் ஒரு பொருளின் விவரங்களை நேரில் பார்ப்பதைவிடத் தெளிவாகவே பார்க்க முடியும். முடியாதது என்னவென்றால், கேட்ட கேள்விக்கு விற்பனையாளர் பதில் சொல்வதற்கு முன் பக்கத்தில் நிற்கும் தொழில்நுட்பரின் முகத்தைப் பார்க்கிறாரே, அதைப் பார்ப்பது.

அனுபவமுள்ள வாங்குபவர்கள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். ஒரே கேள்வியை எதிரெதிரே இருக்கும் நான்கு அரங்குகளில், ஒரே மதியத்தில் கேட்கிறார்கள். மின்னஞ்சலில் வாரக்கணக்கில் இழுக்கும் ஒப்பீடு அரை நாளில் முடிந்துவிடுகிறது. முதல் நாள் சொன்ன விலையும் விநியோகக் காலமும் மறுநாள் இன்னொருவர் வாயிலும் அப்படியே வருகிறதா என்று பார்க்கிறார்கள். "இதே இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் யாரையாவது சந்திக்க முடியுமா?" என்று கேட்டு, அவர் அதே கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தால் அங்கேயே போய்ப் பேசிவிடுகிறார்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: பை நிறைய கேட்லாக் சேர்க்க வேண்டாம், கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் வாங்குபவர்கள் அல்லர் என்பதும் உண்மை. ஏஜென்சி தேடுபவர், வேலை தேடுபவர், அரங்கு போட்டவருக்கே தம் பொருளை விற்க வருபவர் எனப் பலரும் உண்டு. வேறு பெயரில் பேட்ஜ் மாட்டிக்கொண்டு போட்டி நிறுவனத்தாரும் வருவார்கள். அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன், எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவர்களிடம் எதைக் காட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 1873இல் வியன்னாவில் சர்வதேசக் கண்காட்சி நடந்தபோது, தங்கள் கண்டுபிடிப்புகளைப் பிறர் எடுத்துக்கொள்வார்கள் என்று அஞ்சி வெளிநாட்டார் பலர் காட்சிக்கு வைக்கவே தயங்கினார்கள். அந்தத் தயக்கத்திலிருந்து எழுந்த பேச்சுகளின் தொடர்ச்சியாகத்தான் 1883இல் தொழிற்சொத்துரிமைக்கான (காப்புரிமை, வணிகமுத்திரை போன்றவை) பாரிஸ் உடன்படிக்கை உருவானது. அதற்காகக் கண்காட்சியில் வைத்தாலே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. கண்காட்சியில் காட்டிய ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால், காட்டியதால் கண்டுபிடிப்பின் புதுமை போய்விடாது என்ற சலுகை ஒன்றை ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கை தருகிறது. அது அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கப்பட்ட மிகச் சில சர்வதேசக் கண்காட்சிகளுக்கு மட்டும். சாதாரண வர்த்தகக் கண்காட்சியில் முதலில் காட்டிவிட்டுப் பிறகு காப்புரிமைக்கு விண்ணப்பித்தால், நீங்கள் காட்டியதே உங்கள் கண்டுபிடிப்பு புதியதல்ல என்பதற்குச் சான்றாகிவிடலாம். விண்ணப்பம் முதலில், அரங்கு பிறகு.

அரங்கு போடுபவர்களைத் தேடி வரும் இன்னொரு வகையினர் கண்காட்சிக்கு நேரில் வருவதே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், நான் உதவிய சிறு நிறுவனம் ஒன்றுக்கு, பங்கேற்பாளர் கையேட்டில் இடம்பெறும் விவரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புமாறு ஒரு படிவம் வந்தது. கண்காட்சியின் பெயரும் அரங்கு எண்ணும் அதில் சரியாகவே இருந்தன. நானும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பச் சொன்னேன். கீழே பொடி எழுத்தில் இருந்தது மூன்று ஆண்டுக் கட்டண விளம்பர ஒப்பந்தம். அனுப்பியவர்களுக்கும் கண்காட்சி அமைப்பாளர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வழக்கறிஞர் கடிதம் வரை போய்த்தான் அதிலிருந்து விடுபட்டோம். அதன் பிறகு, அமைப்பாளரின் தொலைபேசி எண்ணை அவர்களுடைய ஒப்பந்தத்தாளிலிருந்தே எடுத்து, கேட்டு உறுதிசெய்யாமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்திட விடுவதில்லை. வருகையாளர் பட்டியலை விலைக்குத் தருவதாக வரும் மின்னஞ்சல்களுக்கும் இதே விதிதான்.

இவ்வளவு செலவழித்து அரங்கு போட்டவர்கள் கோட்டை விடும் இடம் பெரும்பாலும் கண்காட்சி முடிந்த மறுவாரம். ரப்பர் பேண்டு போட்டு அலுவலகத்துக்கு வரும் விசிட்டிங் கார்டு கட்டில் பெயர் இருக்கும், எண் இருக்கும். அவர் என்ன கேட்டார் என்பது இருக்காது. கார்டை வாங்கிய கையோடு அதன் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும். எங்கள் பொறியாளருக்குப் பதினைந்து நாள் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. "எங்கள் அரங்குக்கு வருகை தந்தமைக்கு நன்றி" என்ற வரியும், அன்று கையில் கொடுத்த அதே கேட்லாக்கின் பிடிஎஃப்பும் இருந்தன. சென்சார் வெளியில் கிடைக்குமா என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.