காமா கத்தி – குவிகதிர் சிகிச்சை

முகம் கழுவும்போதும், ஒரு வாய் சோறு மெல்லும்போதும் கன்னத்தில் கரண்ட் அடித்தாற்போல் ஒரு வெட்டு. சில நொடிகளில் அடங்கி, மறுபடியும் வெட்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முகத்தில் பட்டாலும் போதும், கிளம்பிவிடும். பல்வலி என்று நினைத்து நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. இதுதான் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா.

லத்தீனில் 'ட்ரைஜெமினஸ்' என்றால் ஒரே பிரசவத்தில் பிறந்த மூவர். மூளையிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பு நெற்றிக்கும் கன்னத்துக்கும் தாடைக்குமாக மூன்றாய்ப் பிரிவதால் வந்த பெயர். தமிழில் முக்கிளை நரம்பு வலி எனலாம்.

முதலில் கார்பமாசெபைன் மாத்திரை. அது கேட்காமல் போனால், அல்லது தலைசுற்றல் தாங்காமல் போனால், டாக்டர் சொல்லும் வழிகளில் ஒன்று 'காமா நைஃப்'. கத்தி என்றதுமே வீட்டார் பதறுகிறார்கள். மண்டையைத் திறப்பதில்லை, கத்தியே கிடையாது. ஸ்வீடன் நாட்டு நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951-இல் 'ரேடியோசர்ஜரி' என்ற சொல்லை உருவாக்கினார். கத்தியின் துல்லியத்தைக் கதிர் தரும் என்பது அவர் எண்ணம். 1968-இல் ஸ்டாக்ஹோமில் முதல் காமா நைஃப் கருவி இயங்கியது.

கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் தரும் ஏறக்குறைய 200 காமா கதிர்க் கீற்றுகள் பல திசைகளிலிருந்து புகுகின்றன. தனித்தனியே மெலிந்தவை; வழியிலுள்ள மூளைக்குப் பெரிய சேதம் செய்யாது. எல்லாம் நரம்பின் வேரில் சில மில்லிமீட்டர் இடத்தில் கூடும்போதுதான் வலு. தலை அசையாதிருக்க, மரத்துப்போக ஊசி போட்டு நான்கு திருகுகளால் ஒரு சட்டத்தைப் பொருத்துவது வழக்கம். அந்த இடம் கொஞ்சம் வலிக்கும், இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

'ரேடியோசர்ஜரி'க்குக் 'கதிர் அறுவை' என்ற மொழிபெயர்ப்பை நான் ஏற்கமாட்டேன். நாஞ்சில் நாட்டில் அது கும்பப்பூ நெல்லறுப்பைத்தான் நினைவூட்டும். வெறும் 'கதிர்வீச்சு' என்றால், கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த மோனசைட் மணல் கிடக்கும் மணவாளக்குறிச்சிப் பக்கத்தில் புற்றுநோய்ப் பயம் எழும். அந்தப் பயத்தை லேசாக எண்ணக் கூடாது. 'குவிகதிர் சிகிச்சை' என்பதே என் தேர்வு. என்ன நடக்கிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஒரே நாளில் முடியும். ஆனால் வலி குறையப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. சிலருக்குக் கன்னம் மரத்துப்போகும். சிலருக்கு ஆண்டுகள் கழித்து வலி திரும்பவும் வரலாம்.