11 கேவி மோட்டாரும் அந்தக் கறுப்பு டேப்பும்

ரீவைண்டிங்குக்கு வந்த 11 கேவி (11,000 வோல்ட்) மோட்டார் ஒன்றின் காயிலை, இரும்புக் கோரில் அது உட்காரும் பள்ளமான ஸ்லாட்டிலிருந்து எடுத்தபோது, பக்கவாட்டில் மாவு தூவியதுபோல வெள்ளைத் தூள். விரலால் துடைத்தால் பிசின் அரித்துப்போய் உள்ளே இன்சுலேஷனாக இருக்கும் மைக்கா தெரிந்தது. முன்பு சுற்றியவர்கள் காயிலின் மேற்புறத்தில் வர வேண்டிய கறுப்பு டேப்புக்குப் பதிலாக வெறும் கிளாஸ் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். "அண்ணே, ரெண்டும் கிளாஸ் டேப்தானே?" என்று எங்கள் பையன் கேட்டான். அவனைப் போலப் பலர் நினைக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. கறுப்பு டேப்பிலும் அதே இழைதான். ஆனால் கார்பன் தூள் கலந்த பிசின் பூசியிருக்கும். கார்பன் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால் கொஞ்சம் மின்சாரம் ஓடும்.

அந்தக் கொஞ்சம்தான் முக்கியம். 11 கேவி மோட்டாரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே சுமார் 6,350 வோல்ட். காயிலுக்கும் கோருக்கும் நடுவே எப்படியும் மெல்லிய காற்றிடைவெளி இருக்கும். கறுப்பு டேப் இல்லாமல் காயிலின் மேற்பரப்பு கோரோடு சேர்ந்து எர்த் ஆகாவிட்டால் வோல்டேஜில் ஒரு பங்கு அந்தக் காற்றின்மேல் விழும். காற்று தாங்காது, பொறி பறக்கும். அந்தப் பொறியும் அதில் உண்டாகும் ஓசோனும் அமிலமும் சேர்ந்துதான் காயிலை அரிக்கின்றன.

அப்படியானால் செம்புத் தகடே சுற்றலாமே? கூடவே கூடாது. கோர் என்பது இன்சுலேஷன் பூசி அடுக்கிய தகடுகள். செம்பு அவற்றைக் குறுக்கே இணைத்துவிடும். எடி கரண்ட் என்னும் சுழல் மின்சாரம் ஓடிக் கோர் சூடேறும்.

ஆகவே அளந்து பாருங்கள். பிரஸ்ஸில் இறுகிய காயிலின் ஸ்லாட் பகுதியில் வெற்றுச் செம்புக் கம்பியால் இரண்டு வளையம் இறுக்கிக் கட்டுங்கள். இடைவெளி காயிலின் சுற்றளவுக்குச் சமமாக இருக்கட்டும்: 20 மி.மீ. அகலம், 60 மி.மீ. உயரம் என்றால் 160 மி.மீ. அப்போது இரண்டு வளையத்துக்கும் இடையே மல்டிமீட்டர் காட்டுவதுதான் ஒரு சதுரத்துக்கான ஓம். பொதுவாகச் சில நூறு முதல் சில ஆயிரம் ஓம் வரை வரும். சரியான எல்லையை மோட்டார் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். மெகா ஓமில் காட்டினால் அந்தக் காயிலை ஸ்லாட்டில் இறக்காதீர்கள்.

ஸ்லாட்டுக்கு வெளியே வரும் சாம்பல் நிற சிலிக்கன் கார்பைடு டேப்பின் வேலை வேறு. அதை இதற்கு மாற்றாகச் சுற்றக் கூடாது.

"மெக்கர் நன்றாகத்தானே காட்டியது?" என்பார்கள், இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டரைச் சொல்லி. காட்டும். மெக்கர் பார்ப்பது உள்ளே இருக்கும் இன்சுலேஷனை. கறுப்பு டேப்பே இல்லாத காயிலும் அதில் ஜோராகத் தேறிவிடும். நாங்கள் பிரித்த மோட்டாரும் அப்படித் தேறியதுதான்.