பெயரைச் சொன்னால் நிமிடம் வரும்

பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி கேட்கிறார்: "எங்களிடம் 120 சர்வர்கள் இருக்கின்றன. எல்லாமே நள்ளிரவு 12 மணிக்கு ஒரே சேமிப்புக் கருவியில் பேக்கப் (தகவலின் நகல்) எடுக்கும். தனியாக ஓடவிட்டால் ஒரு சர்வருக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் இரவில் மூன்று மணியாகியும் முடிவதில்லை. சில பாதியிலேயே அறுந்துவிடுகின்றன. பெரிய சேமிப்புக் கருவி வாங்க வேண்டுமா?"

வேண்டாம், சகோதரி. நேரத்தைக் கலைத்துவிட்டால் போதும்.

சர்வரில் குறித்த நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவைப்பது க்ரான் என்ற சின்ன நிரல். 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, பட்டியலைப் பார்த்து, நேரம் வந்த வேலையைத் தொடங்கிவிட்டுத் திரும்பவும் தூங்கும். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ஐந்து கட்டங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. '0 0 * * *' என்று எழுதினால் தினமும் நள்ளிரவு. யோசிக்காமல் கைக்கு வருவது இந்த வரிதான், அதனால் 120 சர்வரிலும் இதுவே இருக்கிறது. காலை ஷிப்டுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் பினாங்குப் பாலம் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சேமிப்புக் கருவியின் நிலை அதைவிட மோசம். சுழலும் வட்டு என்றால், அதன் முனை 120 கோப்புகளுக்கு நடுவே இங்கும் அங்கும் ஓடியே களைத்துவிடும். எழுதும் நேரத்தைவிட இடம் தேடும் நேரம்தான் அதிகமாகும்.

சரி, ஒவ்வொரு சர்வருக்கும் கையால் ஒரு நிமிடம் ஒதுக்கலாமே? பத்து சர்வருக்குச் சரிவரும். 120-க்கு ஒரு பட்டியல் போட்டு, புதிது வரும்போதும் பழையது போகும்போதும் அதைத் திருத்திக்கொண்டே இருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அப்படியானால் தாயம் உருட்டுவதுபோல ஏதோ ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளலாமா? அதில் ஒரு பொறி இருக்கிறது. பப்பெட் போன்ற நிர்வாகக் கருவிகள் வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரையும் சரிபார்த்து, க்ரான் வரியையும் திரும்ப எழுதும். 12:05-க்கு உருட்டியதில் 40 விழுந்தது என்று வையுங்கள். 12:35-க்கு மறுபடி உருட்டினால் 20 விழுகிறது. 12:20 போய்விட்டது, 12:40 அழிந்துவிட்டது. அன்றைக்கு பேக்கப்பே கிடையாது. எண்கள் வேறு மாதிரி விழுந்தால் ஒரே இரவில் இரண்டு முறை ஓடும்.

ஆக, நமக்கு வேண்டிய எண் சர்வருக்குச் சர்வர் சிதறியும் இருக்க வேண்டும், ஒரே சர்வருக்கு என்றைக்கும் மாறாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரத் தருவது சர்வரின் பெயர்! எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு இதில் வியப்பு குறையவில்லை.

பெயரை ஒரு ஹாஷ் சார்புக்குள் போட்டால் மறுமுனையில் மிகப் பெரிய எண் ஒன்று வரும். அதை 60-ஆல் வகுத்து மீதியை எடுங்கள், அதுதான் நிமிடம். புரிவதற்காகச் சின்ன எண்களில் சொல்கிறேன். 'கடை-001' என்ற பெயருக்கு 4817 வந்தால் மீதி 17, பேக்கப் 12:17-க்கு. 'கடை-002'-க்கு 9302 வந்தால் மீதி 2, பேக்கப் 12:02-க்கு.

அந்தச் சார்புக்குள் என்ன நடக்கிறது? மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடுபவரின் கையைப் பாருங்கள். மாவை வீசி விரிக்கிறார், மடிக்கிறார், மறுபடி விரிக்கிறார். முதலில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு துளி மாவு, சில மடிப்புகளுக்குள் எங்கோ எங்கோ போய்விடும். ஹாஷும் இப்படித்தான். எழுத்துகளை எண்ணாக்கி, கூட்டி, பிட்டுகளை (0, 1 என்ற இலக்கங்களை) சுழற்றி, முந்தைய விடையோடு பிசைந்து, அதையே திரும்பத் திரும்பச் செய்யும். 1991-ல் ரொனால்ட் ரிவெஸ்ட் வடிவமைத்த எம்டி5 என்ற ஹாஷில் இப்படி 64 படிகள், முடிவில் 128 பிட்டுகள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த 128-இல் ஏறத்தாழப் பாதி தலைகீழாகிவிடும். பாதுகாப்பு வேலைக்கு எம்டி5 இன்று உதவாது, ஆனால் நிமிடம் பிரித்துக் கொடுக்க அது தாராளம்.

பெயரை எண்ணாக்குவது என்றதும் நம் ஊரில் எண் கணித ஜோதிடம்தான் நினைவுக்கு வரும். எழுத்துக்கு ஒரு மதிப்பு வைத்துக் கூட்டி, ஓரிலக்கம் ஆகும்வரை சுருக்குவது. கணக்காகப் பார்த்தால் அது ஒன்பதால் வகுத்து மீதி பார்ப்பதுதான். எழுத்து இடம் மாறினால்கூடக் கூட்டுத்தொகை மாறாது. உலகத்தில் உள்ள எல்லாப் பெயரும் ஒன்பதே பெட்டிக்குள் அடைபட வேண்டும். இதை நம்பி, எட்டு வந்துவிட்டது என்று பிள்ளையின் பெயர் எழுத்தைத் திரிக்கிறார்கள், அதற்குக் காசும் கொடுக்கிறார்கள். எனக்கு இது மனவருத்தம் தருகிறது. அந்தப் பிள்ளை காலமெல்லாம் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லித் திரிய வேண்டும்.

கூட்டுத்தொகை முறையைச் சர்வருக்கே போட்டுப் பாருங்கள். 001 முதல் 120 வரை இலக்கங்களைக் கூட்டினால் 1 முதல் 18 வரைதான் விடை வரும். அறுபதில் 42 நிமிடம் சும்மா கிடக்கும், ஒன்பதாவது நிமிடத்தில் மட்டும் 12 சர்வர்கள் முட்டிக்கொள்ளும். ஹாஷ் போட்டால் ஏறத்தாழ 8 நிமிடங்கள்தான் காலியாக இருக்கும், மிக நெரிசலான நிமிடத்திலும் பெரும்பாலும் ஐந்தாறு சர்வர்கள்தான் வரும். பெயரில் உள்ள எண்ணையே 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்குச் சரியாக இரண்டு வருமே என்று கேட்பீர்கள். வரும். ஆனால் பாதிச் சர்வர்களுக்கு 'சம்பளம்', 'கிடங்கு' என்று பெயர் இருந்தால்? நடுவில் முப்பதை நிறுத்திவிட்டால்? ஹாஷுக்கு அந்தக் கவலையே இல்லை. யார் யாருக்கு எந்த நிமிடம் என்று எங்கும் எழுதிவைக்க வேண்டாம், சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் வேண்டாம்.

அப்புறம், ஒரே சர்வரில் பேக்கப்பும் பதிவுக் கோப்புத் துப்புரவும் இருந்தால் இரண்டும் ஒரே நிமிடத்தில் விழும். சர்வர் பெயரோடு வேலையின் பெயரையும் ஒட்டி ஹாஷ் செய்யுங்கள், பிரிந்துவிடும். பப்பெட்டில் இதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது. வேலைகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் என்ற கருவியில் நிமிடக் கட்டத்தில் 'எச்' என்ற எழுத்தைப் போட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

மாற்றுவதற்கு முன் சர்வரின் கடிகாரம் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் ஓடும். அதன் நள்ளிரவு நமக்குக் காலை 8 மணி. நான் முன்பு வேலை பார்த்த கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றில், வேலை தொடங்கும் நேரத்தில்தான் பேக்கப் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கவே மூன்று வாரம் ஆனது. நம் நாட்டில் கோடைக்கால நேரமாற்றம் இல்லாதது பெரிய நிம்மதி. ஆனால் கடிகாரத்தைத் தள்ளிவைப்பது நமக்கும் நடந்திருக்கிறது: சபா, சரவாக்கோடு ஒன்றாக்குவதற்காக, 1981 டிசம்பர் 31 இரவு 11:30-க்குத் தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அன்றிரவு 11:45 என்ற நேரமே இங்கு இல்லை. உள்ளூர் நேரத்தில் 11:45-க்கு என்று க்ரானில் எழுதியிருந்தால் அந்த வேலை ஓடியிருக்காது.

கடைசியாக ஒன்று. சர்வரின் பெயரை மாற்றினால் நிமிடமும் மாறும். இரவு 12:20-க்குப் பெயர் மாற்றி, பழைய நிமிடம் 45, புதியது 5 என்று ஆனால் அன்றைய பேக்கப் நழுவிவிடும். பெயர் மாற்றும் வேலையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.